ப்ரோன்ஸினோவின் வீனஸ்–க்யூபிட் ஓவியத்தில் தண்டனை எங்கே இருக்கிறது?

கேள்வி இது: லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ப்ரோன்ஸினோவின் வீனஸ்–க்யூபிட் படம் (இருவரும் ரோமானியப் புராணத்தின் காதல் தெய்வங்கள்) காதலையும் அதற்குக் கிடைக்கும் தண்டனையையும் பற்றியது என்கிறார்கள். பார்த்தால் நடுவில் ஒரு முத்தமும் சுற்றிலும் ஒரு கூட்டமும்தான் தெரிகிறது. தண்டனை எங்கே? அந்தக் கூட்டத்தில் யார் யார்? இதை எப்படிப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒரு வரியில் பதில். தண்டனை பிறகு வரும் என்று இந்தப் படம் சொல்லவில்லை. இன்பமாகத் தெரியும் ஒவ்வொரு உருவத்தின் உடம்பிலேயே, அதே நொடியில், அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘முதலில் தப்பு, அப்புறம் தண்டனை’ என்ற வரிசையில் தேடினால் கிடைக்காது.

ஆக்னோலோ ப்ரோன்ஸினோ (1503–1572) ஃப்ளோரன்ஸ்காரர். பொந்தொர்மோவிடம் தொழில் கற்று, பிறகு ஃப்ளோரன்ஸை ஆண்ட கோசிமோ தெ மெடிச்சியின் அரண்மனை ஓவியரானவர். இந்தப் படம் 1545 வாக்கில் மரப்பலகைமீது எண்ணெய் வண்ணத்தில் வரையப்பட்டது. உயரம் சுமார் 146 செ.மீ., அகலம் 116 செ.மீ. பிரான்ஸ் மன்னர் முதலாம் ஃப்ரான்சுவாவுக்குப் பரிசாகப் போனது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 1860-இல் பாரிஸைச் சேர்ந்த பொகூஸான் என்பவரின் தொகுப்போடு சேர்த்து நேஷனல் கேலரி இதை வாங்கியது. பழைய புத்தகங்களில் ‘வீனஸ், க்யூபிட், மடமை, காலம்’ என்று தலைப்பிட்டிருப்பார்கள். கேலரி இப்போது ‘வீனஸும் க்யூபிடும் உள்ள ஓர் உருவகம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. மற்ற உருவங்களுக்கு என்ன பெயர் என்பதிலேதான் சண்டை.

சண்டையின் தொடக்கம் வசாரி, அதே காலத்து இத்தாலிய ஓவியர், ஓவியர்களின் வரலாற்றை எழுதியவர். 1568-இல் வெளியான தன் ஓவியர் வரலாற்றின் இரண்டாம் பதிப்பில், ஃப்ரான்சுவா மன்னருக்கு அனுப்பப்பட்ட அபூர்வ அழகுள்ள ஒரு படம் என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதில் நிர்வாண வீனஸ், அவளை முத்தமிடும் க்யூபிட், ஒரு பக்கம் இன்பமும் விளையாட்டும் வேறு சில காதல் தேவதைகளும், மறுபக்கம் வஞ்சகமும் பொறாமையும் காதலின் மற்ற வேதனைகளும். அவ்வளவுதான். படம் போய் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து எழுதுகிறார். மேலே அரைப் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் காலக் கிழவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘வேறு சில காதல் தேவதைகள்’ படத்தில் இல்லை. ஆகவே வசாரி சொன்னார் என்பதற்காக ஒவ்வொரு உருவத்துக்கும் சீட்டு ஒட்டிவிடக் கூடாது. ஆனால் ‘ஒரு பக்கம், மறுபக்கம்’ என்று அவர் பிரித்ததை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் பயன்படும்.

முகங்களை விட்டுவிட்டு முதலில் கைகளைப் பாருங்கள். இந்தப் படத்தின் கதை முழுக்கக் கைகளில்தான் நடக்கிறது.

வீனஸின் ஒரு கையில் தங்க ஆப்பிள். மூன்று தேவிகளில் இவளே அழகி என்று ட்ராய் இளவரசன் பாரிஸ் தீர்ப்புச் சொல்லிக் கொடுத்த பரிசு அது, இவளை அடையாளம் காட்டும் பொருளும் அதுதான். மற்றொரு கை உயர்ந்திருக்கிறது, விரல்களுக்கு நடுவே ஓர் அம்பு. அம்பு க்யூபிடுடையது. முத்தத்தில் அவன் மயங்கியிருக்கும்போது அதை எடுத்துவிட்டாள். க்யூபிடின் கைகளில் ஒன்று அவளுடைய தலையைப் பற்றியிருக்கிறது. அது அணைப்பு மட்டும்தானா, அல்லது அவள் தலையில் இருக்கும் முத்துப் பதித்த அணியைக் கழற்றப் பார்க்கிறானா? இரண்டாவதைச் சொல்பவர்கள் பலர். அப்படியானால் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் திருடிக்கொண்டிருக்கிறார்கள். மேலும் இவர்கள் புராணப்படி தாயும் மகனும். காதலின் தெய்வங்களே ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிற இடத்தில் படம் தொடங்குகிறது.

இடது கீழ் மூலையில் வீனஸின் பறவையான புறா. அதன் பக்கத்தில் க்யூபிடின் பாதம், எந்த நேரமும் நசுக்கிவிடும் போல. (1969-இல் தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வானத்திலிருந்து இறங்கி எல்லாவற்றையும் மிதிக்கும் ராட்சசப் பாதம் இதிலிருந்து வெட்டி எடுத்ததுதான். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் பாதம் தெரியும்.)

இப்போது வலது பக்கம். ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டே கைநிறைய ரோஜாப்பூவை இந்த ஜோடிமேல் வீசப் போகிறான். கணுக்காலில் சலங்கை. அரண்மனைக் கோமாளிகள் சலங்கை கட்டுவார்கள். அதனால்தான் அவனுக்கு ‘மடமை’ என்றும் ‘விளையாட்டு’ என்றும் பெயர்கள். நல்ல தெளிவான படக்கோப்பில் அவன் பாதங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றில் ரோஜா முள் ஏறியிருக்கிறது. முகத்தில் வலியின் சுவடே இல்லை. கையில் பூ, காலில் அதே செடியின் முள், இரண்டும் ஒரே உடம்பில், ஒரே கணத்தில். படம் முழுவதும் இயங்குவது இந்த விதியில்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகத் திறக்கும்.

சிறுவனுக்குப் பின்னால் இருட்டிலிருந்து ஒரு பெண் முகம் எட்டிப் பார்க்கிறது. அழகான, கொஞ்சம் வெறுமையான முகம். முதல் பார்வையில் யாரும் அதற்குமேல் கவனிப்பதில்லை. மெதுவாகக் கீழே இறங்குங்கள். பச்சை உடைக்குக் கீழே செதில் போர்த்திய பாம்புடல், சிங்கத்தின் கால் நகங்கள், சுருண்ட வால். ஒரு கையில் தேனடையை நீட்டுகிறாள். இன்னொரு கையில் அந்த வாலின் கொடுக்கு.

இதோடு முடியவில்லை. கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, உங்கள் கையை அதே நிலையில் வைத்துப் பாருங்கள். அவளுடைய வலது தோளிலிருந்து வரும் கையின் முனையில் இருப்பது இடது உள்ளங்கை. இடது தோளிலிருந்து வருவதில் வலது. இரண்டும் மாற்றி ஒட்டப்பட்டிருக்கின்றன. விரல் நகத்தின் பளபளப்பைக்கூடத் தவறாமல் வரைகிற ஒருவர் கையில் இது தெரியாமல் வந்த பிசகு அல்ல. 1939-இல் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி, ஓவிய உருவங்களின் மறைபொருளை ஆராயும் தன் நூலில் இதை எடுத்துக்காட்டினார். தேனை நீட்டுவது நல்ல கை போலத் தெரியும், உண்மையில் அது கெட்ட கை. விஷத்தை மறைப்பது கெட்ட கை போலத் தெரியும், உண்மையில் அது நல்ல கை. ஆகவே இவள் ‘வஞ்சகம்’ என்றார். இன்றும் பெரும்பாலான குறிப்புகளில் அந்தப் பெயர்தான்.

வசாரியின் பக்கப் பிரிவினையை இங்கே கொண்டுவாருங்கள். அவர் கணக்கில் இன்பமும் விளையாட்டும் ஒரே பக்கம். வலது பக்கத்தில் இருக்கும் இருவர் இந்தச் சிறுவனும் இந்தப் பெண்ணும்தான். அவன் விளையாட்டு என்றால், அவள் இன்பம். வஞ்சகம் வேறு எங்கோ இடது பக்கம் இருக்க வேண்டும், பொறாமையோடு. வசாரியின் ஞாபகத்தை அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்றாலும், இந்த ஒன்றில் அவர் சொல்வதுதான் படத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. இவளை வஞ்சகம் என்று அழைத்துவிட்டால் இன்பம் ஒரு பக்கம், அதைக் கெடுக்கும் தீயசக்தி ஒரு பக்கம் என்று விஷயம் சுலபமாகிவிடும். இன்பம் என்றே அழைத்தால் கொடுக்கு அவளுடைய சொந்த உறுப்பாகிறது. சிறுவனின் பூவும் முள்ளும் சொல்வதும் அதுவே.

தேனும் கொட்டும் ஐரோப்பிய ஓவியத்தில் பழகிய ஜோடி. தேனடையைத் திருடிய க்யூபிடைத் தேனீக்கள் கொட்டின, அவன் அழுதுகொண்டு தாயிடம் ஓடினான், உன் அம்புகூட அப்படித்தானே என்று அவள் சிரித்தாள் என்பது தியோக்ரிடஸ் பெயரில் வழங்கும் ஒரு கிரேக்கக் கவிதை. ஜெர்மனியில் லூகாஸ் க்ரனாக் இதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1526–27 வாக்கில் வரைந்த ஒன்று இதே நேஷனல் கேலரியில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் ப்ரோன்ஸினோ செய்தது தெளிவாகும். க்ரனாக்கில் திருட்டு, கொட்டு, அழுகை என்று வரிசை உண்டு. இன்பம் நிலைக்காது, வலியோடு கலந்தே வரும் என்ற நீதி வாசகத்தையும் மேலே எழுதிவிடுகிறார். ப்ரோன்ஸினோவில் வாசகம் இல்லை, வரிசை இல்லை, கொட்டுப்பட்டவன் அழவும் இல்லை. அழுகை முழுவதும் ஒரே ஓர் உருவத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்த உருவம் இடது பக்கம், க்யூபிடுக்குப் பின்னால் நிழலில். வாயைத் திறந்து அலறிக்கொண்டு இரு கைகளாலும் தலைமயிரைப் பிய்க்கிறது. ஆணா பெண்ணா என்பதே நிச்சயமில்லை. தோல் பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். வீனஸின் வெண்மைக்குப் பக்கத்தில் அது அழுகிய நிறமாகத் தெரியும். வழக்கமான பெயர் பொறாமை. புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகத்தில் ப்ரோன்ஸினோ 1550 வாக்கில் வரைந்த இன்னொரு வீனஸ்–க்யூபிட் படம் இருக்கிறது. அதிலும் இதே மாதிரி ஓர் உருவம் ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறது, அதையும் பொறாமை என்றே சொல்கிறார்கள்.

1980-களில் வந்த வேறொரு வாசிப்புதான் இப்போது இணையத்தில் அதிகம் சுற்றுகிறது: அது பொறாமை இல்லை, பறங்கிப்புண் எனப்படும் சிபிலிஸ் நோய். சொல்லப்படும் அறிகுறிகள் இவை: சிவந்த கண், வீங்கிய விரல் மூட்டுகள், பல் போன ஈறு, கொட்டும் மயிர். வரலாற்றுப் பின்னணி இதற்குப் பலமாகவே இருக்கிறது. 1494–95-இல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸ்வரை போனபோது இந்த நோய் ஐரோப்பாவில் வெடித்தது. இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். வெரோனா மருத்துவர் ஃப்ராகஸ்டோரோ ‘சிபிலிஸ்’ என்ற பெயரைத் தந்த லத்தீன் கவிதையை 1530-இல் வெளியிட்டார். பல் போவதற்குக்கூட விளக்கம் உண்டு: அன்றைய சிகிச்சை பாதரசம். புகையாகவும் பூச்சாகவும் கொடுத்த பாதரசத்தால் எச்சில் ஒழுகும், ஈறு புண்ணாகும், பல் ஆடி விழும். நோயோடு சேர்ந்து மருந்தும் தண்டித்தது.

இந்த ஓர் உருவத்துக்கு அந்த வாசிப்பு பொருந்தக்கூடியதே. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அதைப் படம் முழுவதும் இழுக்கும்போது. முள் குத்தியும் சிறுவனுக்கு வலிக்காததை, முற்றிய நோயில் நரம்பு மரத்துப்போனதன் அடையாளம் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த நரம்புக் கோளாறுக்கும் சிபிலிஸுக்கும் உள்ள தொடர்பை மருத்துவம் கண்டுகொண்டது 19-ஆம் நூற்றாண்டில். 1545-இல் ஒரு ஃப்ளோரன்ஸ் ஓவியர் அதைக் குறியீடாக வைத்தார் என்பது காலத்தைக் குழப்புவது. கோமாளிக்கு வலி உறைக்காதது கோமாளித்தனத்தின் இயல்பு, அதற்கு நோய் தேவையில்லை. அதோடு, பொறாமையில் மயிரைப் பிய்ப்பதும் நோயில் மயிர் கொட்டுவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டும் அன்றைய அரண்மனை ஆட்களுக்குத் தெரிந்தவை. ஓர் உருவம் இரண்டு பெயரைத் தாங்கும் என்றால் ப்ரோன்ஸினோ அதை வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்.

மேலே போவோம். உண்மையான வழக்கு அங்கேதான்.

வலது மேல் மூலையில் வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியும் கொண்ட கிழவர். முதுகில் இறக்கை, தோளில் மணல் கடிகை. காலம். தசை முறுக்கேறிய ஒற்றைக் கையைப் படத்தின் மேல் விளிம்பு நெடுக நீட்டி நீலத் திரையைப் பற்றியிருக்கிறார். எதிர் மூலையில், இடது மேலே, ஒரு பெண் தலை அதே திரையின் மறுமுனையைப் பிடித்திருக்கிறது. இந்தத் தலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் முகமூடி போல இருக்கிறது, தலையின் பின்பாதி இல்லவே இல்லை.

இவர்கள் இருவரும் ஒரே வேலையைச் செய்கிறார்களா, எதிரெதிர் வேலையா? பனோஃப்ஸ்கி ஒரே வேலை என்றார்: காலமும் அதன் மகள் உண்மையும் சேர்ந்து திரையை விலக்கிக் காமத்தின் கேட்டை அம்பலப்படுத்துகின்றன. ‘காலம் உண்மையை வெளிக்கொணரும்’ என்ற கருத்து அந்த அரண்மனையில் புழங்கியதே. அதே ஆண்டுகளில் மெடிச்சிகளுக்காக ப்ரோன்ஸினோ வரைந்துகொடுத்த ஒரு திரைச்சீலை ஓவியத்தில் காலமும் உண்மையும் சேர்ந்தே வருகின்றன. எதிர்வாதம் அந்தப் பாதித் தலையிலிருந்து வருகிறது. அன்றைய உடற்கூற்று நம்பிக்கைப்படி மூளையில் வரிசையாக அறைகள் உண்டு, நினைவு தங்குவது பின்னறையில். பின்மண்டையே இல்லாதவளுக்கு நினைவு இல்லை. அவள் மறதி. திரையை இழுத்து எல்லாவற்றையும் மூடப் பார்க்கிறாள், காலம் தடுக்கிறது. அவளை நோக்கித் திரும்பிய கிழவரின் கடுத்த பார்வை இதற்குத்தான் பொருந்துகிறது. ஒத்துழைக்கிற மகளை யாரும் அப்படி முறைத்துப் பார்ப்பதில்லை. வசாரியின் ‘மறுபக்கம்’ கணக்கில் இவளே வஞ்சகம் என்ற மூன்றாவது கட்சியும் உண்டு, முகமூடி முகம் அதற்குச் சாட்சி. மறதி, வஞ்சகம் எதுவானாலும் அவள் மூடுகிற பக்கம்தான்.

ஆக, தண்டிப்பவர் என்று படத்தில் யாரையாவது காட்ட வேண்டுமானால் காலத்தைக் காட்டலாம். அவர் யாரையும் அடிக்கவில்லை, பிரிக்கவில்லை. மூட விடாமல் வைத்திருக்கிறார், அவ்வளவே.

வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம். பின்னால் இருக்கும் நீலம் அல்ட்ராமரைன், ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லஜூலிக் கல்லை அரைத்து எடுப்பது. அரைத்த தூளை மெழுகும் பிசினும் எண்ணெயும் சேர்த்த உருண்டையில் பிசைந்து, சாம்பல் காரநீரில் ஊறவைத்துப் பிழிந்தால்தான் நீலம் தனியே இறங்கும். முதல் பிழிவில் வருவதே ஆழ்ந்த நிறம், கடைசியில் சாம்பல்தான் மிஞ்சும். அவ்வளவு விலையுள்ள சாயத்தை இத்தனை பரப்பில் பூசியதே அரசப் பரிசு என்பதற்கு ஒரு தடயம். அந்த நீலத்தின்மேல் உடம்புகள் பளிங்குச் சிலைபோல் வெட்டி வைத்ததாகத் தெரிவதற்குக் காரணம் தூரிகைத் தடமே இல்லாமல் இழைத்த பூச்சும், ஓரங்களில் மங்கலாக்காமல் விட்ட கூர்மையும். முத்தம் நடக்கிறது, உடம்பில் சூடு இல்லை. மேனரிசம் (ப்ரோன்ஸினோ காலத்து இத்தாலியின் இந்த ஓவியப் பாணி) என்றாலே செயற்கை என்று ஒதுக்குபவர்கள் இந்தக் குளிர்ச்சியைக் குறையாகச் சொல்வார்கள். இந்தப் படத்தில் அது பொருளின் பகுதி. ஆழம் என்று ஒன்று இல்லாமல் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியிருப்பதும் அப்படியே. யாரும் யாரையும் விட்டு விலக இடமில்லை.

வலது கீழ் மூலையில் இரண்டு முகமூடிகள் கிடக்கின்றன. அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பாசாங்கு என்ற பொருள் அன்று பொதுவானது.

இவ்வளவு முடிச்சு ஏன் போட்டார்? பார்ப்பவர்கள் யார் என்று யோசித்தால் புரியும். பரிசு போனது பிரெஞ்சு அரண்மனைக்கு. ரோஸ்ஸோ என்ற ஃப்ளோரன்ஸ் ஓவியர் 1530-லிருந்து 1540-இல் இறக்கும்வரை ஃப்ரான்சுவாவிடம் வேலை செய்தவர். ஃப்ரான்சுவாவின் ஃபொன்தென்ப்ளோ மாளிகையில் அவர் வரைந்த சுவர்ச் சித்திரங்களில் பழகிய அரண்மனை அது, விடுகதையை அவிழ்ப்பதே அங்கே பொழுதுபோக்கு. ப்ரோன்ஸினோ கவிஞரும்கூட. ஒரு சாதாரணப் பொருளைப் பற்றிப் பேசுவதுபோல் வேறொன்றைப் பேசும் இரட்டை அர்த்தக் கேலிக்கவிதைகள் நிறைய எழுதியிருக்கிறார். அப்படி எழுதுகிறவர் ஓர் உருவத்துக்கு ஒரே பொருள் என்று வைப்பாரா? ஒழுக்கப் பாடம் என்று சொல்லி இந்தப் படத்தை நீட்டலாம், வாங்குகிறவர் வேறு காரணத்துக்காக ரசிக்கலாம். இரண்டு பக்கமும் முகம் கெடாது.

கடைசியாக, எந்தப் பிரதியை வைத்துப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். முத்தமும் நிர்வாணமும் பிற்காலத்தவர்களுக்குச் சங்கடமாக இருந்ததால் நாக்கு நுனி, மார்புக்காம்பு போன்ற இடங்களை மறுபூச்சில் மறைத்து, ஒரு மெல்லிய துணியையும் இலைக்கொத்தையும் சேர்த்துவிட்டார்கள். 1958-இல் சுத்தம் செய்தபோதுதான் அவை நீக்கப்பட்டன. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் துணியும் இலையும் இருந்தால் குழம்ப வேண்டாம். மலிவான அச்சுப்படங்களிலும் சுருக்கிய இணையப் படங்களிலும் இருட்டுப் பகுதிகள் ஒரே கறுப்பாகிவிடும். முதலில் காணாமல் போவது பெண்ணின் செதில் உடம்பும் அவளுடைய கொடுக்கும்தான், அடுத்தது சிறுவனின் காலில் ஏறிய முள். அந்த இரண்டும் தெரியாத பிரதியில் நீங்கள் கேட்ட தண்டனையும் தெரியாது. நேஷனல் கேலரியின் தளத்தில் உள்ள பெரிதாக்கும் கோப்பில் இவை தெளிவாகத் தெரியும். நேரில் போவதானால் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. எந்த அறை என்பதைக் கிளம்பும் முன் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே க்ரனாக்கின் க்யூபிட் எந்த அறையில் என்பதையும் குறித்துக்கொண்டு போனால், இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம்.